பத்தால் பெருக்குகிறவர்

ஓசூர்த் தொழிற்பேட்டையில் கம்ப்யூட்டர்கள் வந்திறங்கிய எண்பதுகளின் கடைசியில், கூடவே ஒரு மனித இனமும் வந்திறங்கியது: ஒற்றை வரிசைக்காரர். நீங்கள் பார்த்திருப்பீர்கள். சட்டைப்பையில் மூன்று பேனா, ஏ.சி. அறை, செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். கட்டம் கட்டமாக, தட்டுத் தட்டாக எது இருந்தாலும் அவருக்குப் பொறுக்காது. அதைப் பிரித்து, நீட்டி, ஒரே வரிசையாக்கி, பூஜ்யத்திலிருந்து எண்ணி, ஒற்றை எண்ணில் அடைத்தால்தான் சாப்பாடு இறங்கும். வீட்டில், “பதினொண்ணாம் நம்பர் இட்லி வேகலை” என்பார். எந்தத் தட்டு, எந்தக் குழி என்று மனைவி தேடுவாளா? சட்னியை நகர்த்தி வைத்துவிட்டுப் போவாள்.

எங்கள் தொழிற்சாலையில் இந்த இனத்துக்குத் தங்கதுரை என்று பெயர். ஸ்டோர் அலமாரியில் தட்டுக்குப் பத்துப் பெட்டி. தட்டின் எண்ணைப் பத்தால் பெருக்கு, பெட்டியின் எண்ணைக் கூட்டு. தட்டு மூன்று, பெட்டி ஏழு என்றால் முப்பத்தேழு. கம்ப்யூட்டர் தரும் சீட்டில் அந்த எண் மட்டும் அச்சாகும். கெலமங்கலத்திலிருந்து பஸ் ஏறி வரும் மங்கம்மா அதே எண் எழுதிய பெட்டியிலிருந்து பொட்டலத்தை எடுத்துக் கொடுப்பாள். நல்ல ஏற்பாடுதான். யார் மறுத்தார்கள்?

பிறகு இடம் போதாமல் தட்டுக்கு இரண்டு பெட்டி கூட்டி, எல்லாவற்றுக்கும் புது எண் எழுதினார்கள். பழைய முப்பத்தேழு இப்போது நாற்பத்து மூன்று. தங்கதுரையின் புரோகிராமில் மட்டும் பத்து பத்தாகவே இருந்தது. சீட்டில் பழைய எண்ணே அச்சாகி, வேறு அளவு பேரிங் போய், மெஷின் அரை நாள் நின்றது. அந்த வெள்ளிக்கிழமை தற்காலிக வேலை நிரந்தரமாகவிருந்த மங்கம்மாவுக்கு மெமோ வந்தது.

“சார், தட்டுக்குப் பன்னெண்டு ஆயிடுச்சுங்க. அந்தப் பத்தை மாத்திடுங்க சார், என் வேலை போயிடும்.”

“கம்ப்யூட்டர் தப்புப் பண்ணாதும்மா.”

ஸ்டோர்கீப்பர் திம்மராயனுக்குத் தாங்கவில்லை. “அது பண்ணாதுங்க சார். பன்னெண்டைப் பத்துன்னு அதுக்குச் சொல்லிக் குடுத்தது யாரு, மங்கம்மாவா?”

தங்கதுரை ஸ்டோருக்கு நேரில் வந்தார். அலமாரியை விரல் வைத்து எண்ணினார். பன்னிரண்டுதான். அறைக்குத் திரும்பி மேனேஜருக்கு எழுதினார்: அலமாரி தவறு.

கூட்டிய பெட்டிகளைக் கழற்றி, பழைய எண்களையே திரும்ப எழுதிவிட்டார்கள். கணக்கு மறுபடி சரியாயிற்று. தங்கதுரைக்குப் பாராட்டுக் கடிதம்.

நாம் அந்த இனமில்லை என்கிறீர்கள். சந்தோஷம். மூன்றைப் பன்னிரண்டால் பெருக்கி ஏழைக் கூட்டி, நாற்பத்து மூன்று சரிதான் என்று மனசுக்குள் போட்டுப் பார்த்தீர்களே, மங்கம்மாவின் வேலை என்ன ஆயிற்று என்று கேட்டீர்களா?

போயிற்று.