பெஸ்தோவின் கடைசி எழுத்து

வெளிநாடு போய் வந்தவனிடம் ஊர் எதையும் கேட்கும். அவனும் எதற்கும் பதில் சொல்வான். நானும் சொன்னேன்.

யுத்தம் முடிந்து இத்தாலியிலிருந்து பெரம்பலூர் திரும்பியிருந்தேன். அங்கே ராணுவ லாரி ஓட்டியவன் நான். அம்மாவோ, துரைமார்களுக்கு நான் சமைத்துப் போட்டதாக ஊரெல்லாம் சொல்லிவிட்டார். (நான் மறுக்கவில்லை. கேட்க நன்றாக இருந்தது.) அரியலூரில் கடலை மண்டி வைத்திருந்த என் தாய்மாமா, மகள் செல்லத்தை எனக்குக் கொடுக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார். சமைத்துக் காட்டு, பார்ப்போம் என்று சொல்லியனுப்பினார்.

லாரி பழுதாகி நின்ற ஊரில், ஜெனோவாக்கார அம்மாள் ஒருத்தி எங்களுக்கு ஒரு பச்சை விழுது இடித்துக் கொடுத்திருந்தாள். அரியலூர் போய், மாமா வீட்டில் அதையே செய்யத் துணிந்தேன். அவள் போட்ட இலைக்குப் பதில் திருநீற்றுப் பச்சிலை, பருப்புக்கு மாமாவின் கடலை, எண்ணெய்க்கு நல்லெண்ணெய், கூடவே பூண்டு. பாலாடைக்கட்டிக்குப் பதில் புளித்த தயிர் கேட்டேன். அத்தை காது கேளாதவர்போல் இருந்துவிட்டார். அம்மியில் அரைக்கலாமே என்றாள் செல்லம். இடித்தால்தான் இது, பேரே அதுதான் என்று கை கொப்புளிக்க இடித்தேன்.

சாப்பாட்டு நேரத்தில் மாமா ஒரு பாதிரியாரை அழைத்து வந்தார். ரயிலுக்குக் காத்திருந்தவர், ரோமாபுரியில் படித்தவராம். அவரைப் பார்த்ததும் அந்தப் பேரின் கடைசி எழுத்து மறந்துபோயிற்று. ஓவா, ஏயா? ஏ கொஞ்சம் கம்பீரமாகப் பட்டது.

"இதுக்குப் பேரு பெஸ்தேங்க, சாமி."

மாமா அதற்குள் ஒரு வாய் விழுங்கியிருந்தார். பாதிரியார் கையை இலையிலிருந்து எடுத்தார்.

"தம்பி, பெஸ்தேன்னா கொள்ளை நோய்."

அத்தை மாமாவின் இலையை இழுத்துக்கொண்டார். தெருவில் போன யார் காதிலோ கொள்ளை நோய் மட்டும் விழுந்தது. சற்று நேரத்தில் சுகாதார இன்ஸ்பெக்டர் பினாயிலோடு வந்து, யார் படுத்திருக்கிறார்கள் என்று விசாரித்தார். எனக்குப் படுத்துவிடலாம்போல இருந்தது.

பாதிரியார்தான் எல்லாரையும் உட்காரவைத்து விளக்கினார். பேர் பெஸ்தோ. இத்தாலிய மொழியில் பெஸ்தாரே என்றால் இடிப்பது, நசுக்குவது. அதிலிருந்து வந்ததுதான் பெஸ்தோ. இடித்தது என்று பொருள். ஜெனோவாக்காரர்கள் உரலில் இடிப்பதால் அந்தப் பேர்.

மாமா தன் இலையைத் திரும்ப இழுத்துக்கொண்டார்.

"இடிச்ச தொவையலு. இதுக்கா கப்பலேறிப் போன?"

இருந்தும் பெண்ணைக் கொடுத்தார். பொய்க்கு இவ்வளவு வேர்க்கிறவன் பெரிதாக எதுவும் செய்துவிட மாட்டான் என்று அத்தையிடம் சொன்னாராம்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் துவையலுக்கு வேறு பேர் கிடையாது. போன மாதம் முதல்முறையாக வந்த புதுச் சம்பந்தியிடம் செல்லம் வழக்கம்போல், "இட்லிக்குச் சாம்பார் ஊத்தட்டுங்களா, கொள்ளை நோய் வைக்கட்டுங்களா?" என்று கேட்டாள்.

அவர் சர்க்கரை போதும் என்றார்.