வெள்ளையணு சேட்டனின் ஓலை அடுப்பு

“...அதனாலதான் சொல்றேன், நீ சோம்பேறி இல்லடா மோனே. நீ படுத்துக் கிடந்தாலும் உன் ரத்தத்துக்குள்ள சுமட்டுக்காரங்க மூட்டை தூக்கிட்டுத்தான் இருக்காங்க. முதல்ல அவங்களுக்கு ஒரு சலாம் வை!”

மட்டாஞ்சேரிப் பக்கம் மனிதர்களை ஒரு பொருட்டாக மதிக்காமல், அவர்களுடைய ரத்தத்தை மட்டும் மரியாதையாக நடத்திய ஒரே ஆள் வெள்ளையணு சேட்டன்தான். எழுபதுகளின் கடைசியில் சுள்ளிக்கல்லில் ஒற்றை அறையில் ரத்தப் பரிசோதனை செய்துவந்தார். ஊசிக்கு நாம் அலறினால், “மெல்ல! உள்ள வேலை நடக்குது” என்பார். எங்கள் அரிசி கோடவுன் முதலாளியிடமே, “உங்க உடம்புல உழைக்கிறது இவங்க மட்டும்தான்” என்று சொல்லி அனுப்பியவர்.

அந்தக் கோடவுனில் மூட்டை தூக்கிய எனக்கு இரண்டு மாதமாக இருமல். நாலாவது மூட்டையில் கால் வெடவெடக்கும். டி.பி.தான் என்று நானே தீர்ப்பெழுதி, மூன்று மாதக் கைக்குழந்தையைத் தொடாமல் வாசலிலேயே படுத்துக்கொண்டிருந்தேன்.

சளியும் ரத்தமும் கொடுத்த மறுநாள் போனேன். அவரிடம் ஒரு சட்டம் உண்டு: நம் ரத்தத்தை நாமே மைக்ராஸ்கோப்பில் பார்த்தால்தான் முடிவைச் சொல்வார். சாயா ஒன்றைக் கையில் கொடுத்து உட்கார வைத்தார். பாதி குடித்துவிட்டுக் குனிந்தேன். கன்னங்கரேலென்று ஒரு புழு துள்ளியது.

“ஐயோ சேட்டா, புழு! பெரிசா இருக்கு!”

“எடா, அது உன் இமை முடிடா! கண்ணைத் தள்ளி வச்சு நோக்கு.”

நோக்கினேன். ரோஸ் பொடி தூவிய உருண்டைகள், படகுத்துறைக் கூட்டம்போல.

“இவங்கதான் நான் சொன்ன ஆளுங்க, வெள்ளையணுக்கள். உன் உடம்புல யானைக்கால் புழு புகுந்திருக்கு. புழு வந்தா இவங்க தங்களுக்குள்ள எரியற அடுப்பையே மாத்திடுவாங்க. நின்னு எரியற விறகை விட்டுட்டு ஓலையைக் கொளுத்துவாங்க. குப்புனு பிடிக்கும், ஆனா கட்டுக்கட்டா ஓலை வேணும். அந்த ஓலை, நீ தின்ன சோறு. பின்ன உனக்கு மூட்டை தூக்க எங்கடா தெம்பு?”

எந்தப் புத்தகத்தில் படித்தாரோ! எனக்கு வேறு கவலை.

“அப்போ டி.பி.?”

“சளி சுத்தம். இது ஈஸ்னோபீலியா, அந்தப் புழுவால வர்ற இருமல். டாக்டர்கிட்ட சீட்டைக் காட்டு, மூணு வாரம் மாத்திரை தருவார். போ, பிள்ளையைத் தூக்கு.”

எனக்கு நம்ப முடியவில்லை. “பிள்ளைக்குத் தொத்தாதா சேட்டா? சத்தியமா?”

அவர், நான் வைத்த எச்சில் கிளாஸை எடுத்து, மிச்சச் சாயாவை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, அடுத்த ஆளின் விரலைப் பிடித்தார்.