இலைச்சாறும் இரும்பும் ஓயாத விளக்கமும்

உலகில் விளக்கர் என்று ஓர் இனம் உண்டு. சமைத்துக்கொண்டிருப்பவரிடம் போய்ச் சோறு எப்படி வேகிறது என்று சொல்லும். நீந்துகிறவரைக் கரைக்குக் கூப்பிட்டு, தண்ணீர் அவரை ஏன் தாங்குகிறது என்று புரியவைக்கும். நல்லவர்கள்தான். பொய் சொல்ல மாட்டார்கள். வாயை மூட மாட்டார்கள், அவ்வளவே. இதை எழுதுகிறவனும் அந்தச் சங்கத்தின் ஆயுள் உறுப்பினன்.

பாமாகோ நகரத்தில் வேதியியல் கற்பிக்கும் ஸாங்கா கூலிபாலி இந்த இனத்தில் முழு வளர்ச்சி கண்டவர். இலையின் துவர்ப்பும் இரும்பு உப்பும் சேர்ந்தால் பட்ட இடத்திலெல்லாம் கறுப்பாய், மெல்லிசாய் ஒரு படலம் ஒட்டிக்கொள்ளும். அந்தப் படலம் பூசிய துணி கிணற்று நீரிலுள்ள நஞ்சைப் பிடித்துவைக்கும் என்று நிரூபிக்க ஐந்து வருஷமாகப் பாடுபட்டார். அவருடைய அக்காவின் பிள்ளைகள் அப்படிப்பட்ட கிணற்றில்தான் குடித்தார்கள். விளையாட்டுக் காரியமில்லை.

"இயற்கையிடம் கற்றேன்" என்பார், ஏறிய மேடையிலெல்லாம். இயற்கை என்றால் யார்? செகு நகரத்து ஆற்றங்கரையில் இலைச்சாற்றில் துணியை நனைத்து, அதன்மேல் ஆற்றுச் சேற்றால் கோலம் தீட்டும் சித்தான் த்ராவோரேதான். இலைச்சாறு வாங்கப் போனவர் அவளுக்கே பாடம் எடுத்தார்.

"சித்தான், நீ என்ன பண்றேன்னு உனக்குத் தெரியுமா?"

"சாயம் போடறேன்."

"அதான் இல்ல! சேத்துல இருக்கிற இரும்பு..."

"ஏய் பயறு தின்னி, வெயில மறைக்காம தள்ளி நில்லு. துணி காயணும்."

த்ராவோரே குலத்தார் கூலிபாலி குலத்தாரைப் 'பயறு தின்னி' என்று கேலி செய்யலாம், அவர்கள் கோபிக்கக் கூடாது என்பது அங்கே தலைமுறை வழக்கம். அவரும் கோபிக்கவில்லை. தள்ளி நின்று இரும்பிலிருந்து தொடர்ந்தார்.

பிறகு ஒரு நாள் அரசுக் குழு ஆய்வுக்கூடத்துக்கு வந்தது. சரிப்பட்டால் முப்பது கிராமங்களுக்கு வடிகட்டி. சரிப்படாவிட்டால் கூடத்துக்குப் பூட்டு. பாரம்பரிய அறிவைக் காட்ட வேண்டுமே என்று சித்தானையும் வரவழைத்து ஓரமாக உட்காரவைத்திருந்தார்.

சாறும் இரும்பும் கலந்ததுமே சாம்பல் தண்ணீரை ஊற்ற வேண்டும். அப்போதுதான் படலம் இறுகப் பிடிக்கும். ஸாங்கா கலந்தார். சாம்பல் தண்ணீர்க் குவளையை உயர்த்தினார்.

"இதை ஏன் தாமதிக்காமல் ஊற்ற வேண்டும் என்றால்..."

பதினோரு நிமிஷம்.

"ஊத்துங்க" என்றாள் சித்தான்.

"ஒரு நிமிஷம், அதைத்தான் சொல்றேன்."

சொல்லி முடித்து ஊற்றியபோது கலவை கட்டிகட்டியாக அடியில் உட்கார்ந்திருந்தது. துணியை முக்கினார், திட்டுத்திட்டாகப் பிடித்தது. அலசினார், பாதி ஓடிப்போனது. குழுத் தலைவி கதிதியா மைகா பேனாவை மூடினார். ஸாங்கா குவளையைக் கீழே வைத்தார். அக்கா வீட்டுக் கிணறு கண்முன் வந்தது. நினைவு தெரிந்த நாளிலிருந்து முதல் முறையாக, சொல்ல அவரிடம் ஒன்றுமே இல்லை.

சித்தான் எழுந்து வந்தாள். புதுச் சாடியில் சாறு, இரும்பு, உடனே சாம்பல் தண்ணீர். துணியை முக்கி எடுத்து மூன்று தரம் அலசினாள். கறுப்பு அசையவில்லை.

"எப்படிம்மா இது?" என்றார் தலைவி.

"அவரு சொன்னதேதான். அவரு பேசினாரு, நான் ஊத்தினேன்."

முதலில் சிரித்தவர் ஸாங்காதான். "அம்மா, இந்த ஆராய்ச்சியில வடிகட்ட வேண்டிய கசடு நான்தான். எழுதிக்கோங்க" என்றார். எழுதிக்கொண்டார்கள். திட்டத்துக்கு அனுமதி கிடைத்தது, ஒரே நிபந்தனையோடு: கிராமங்களில் செய்துகாட்டும் பொறுப்பு சித்தானுக்கு, முனைவர் ஸாங்கா அருகில் இருக்கலாம்.

முதல் கிராமம் அக்காவின் ஊர். சித்தான் கலக்க, ஸாங்கா உதடுகளை இரண்டு விரலால் பிடித்தபடி மரத்தடியில் உட்கார்ந்திருந்தார். அக்காவின் கடைக்குட்டி, அந்தத் துணியில் வடிந்த கிணற்று நீரில் முதல் குவளையைக் குடித்துவிட்டு இன்னொன்று கேட்டாள். "பாவம், அந்த மனுஷன் ஊமையா?" என்று விசாரித்தாள் ஒருத்தி. அவர் கண்ணில் நீர் நின்றது. அதற்கும் ஒரு காரணம் சொல்லியிருப்பார், அடக்கிக்கொண்டார்.

சிரிக்கிறீர்களா? வாழைக்காய் நறுக்கினால் இரும்புக் கத்தி கறுப்பதும் இதே சங்கதிதான். பார்த்தீர்களா, விளக்கிவிட்டேன்! நாளை உங்கள் வீட்டில் ஒருவர் வாழைக்காயோடு உட்காருவார். பக்கத்தில் போய் நின்று, "அது ஏன் கறுக்குது தெரியுமா?" என்று கேட்கப்போவது யார்?