லயத்தின் அதிகபட்ச நீளம்

வெற்றிடத்தை முறையாக விடுவது எப்படி என்று உங்களுக்குத் தெரியுமா? தெரியாது. ஊவா மாகாணத்திலேயே அது தெரிந்த ஒரே இடம், பதுளையில் இருக்கும் எங்கள் ‘மலையக மின்னொழுங்கு நிலையம்’தான். நான் அங்கே டைப்பிஸ்ட். ஊரைவிட்டு வந்த எனக்கு இப்பேர்ப்பட்ட இடத்தில் ஒரு நாற்காலி கிடைத்தது பூர்வ புண்ணியம்.

நிலையத்தில் தயானி என்றொரு பெண் கணினி நிரல் எழுதினாள். ஹல்துமுல்லைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது வெள்ளைக்காரன் ‘லைன்’ என்று கட்டிவைத்த தொடர்வீட்டில், பிறந்தவள். லயத்துக்குப் பின்னால் இருந்த மண்மேடு மழைக்கு வெடிப்பு விட்டிருந்தது. அங்கே போனுக்குச் சிக்னலும் கிடையாது. மழை அளவு மீறினால், மண் சரியுமுன் ஆட்கள் ஓடித் தப்பும்படி தானாக அலறும் சைரன் பெட்டி ஒன்றுக்கு அவள் நிரல் எழுதி முடித்திருந்தாள். கொண்டுபோய் மாட்ட வேண்டியதுதான் பாக்கி.

அந்த நேரம் பார்த்து எங்கள் பணிப்பாளர் கனகசபை ஐயா, கொழும்புக் கருத்தரங்கு ஒன்றிலிருந்து ‘தரம்’ என்ற சொல்லோடு திரும்பி வந்தார்.

“பிள்ளை, உம்மட எடிட்டருக்குக் கட்டமைப்புக் கோப்பு இருக்கோ?”

“இல்லீங்க சார். எத்தன எடம் தள்ளி எழுதுறது, வரிய எப்படி முடிக்கிறதுன்னு, நிரல் எழுதுற எடிட்டர் சாப்ட்வேருக்குச் சொல்றதுதான் அது. அது இல்லாமலே நிரல் ஓடும்.”

“ஓடும்! மாடும்தான் ஓடும். தரம் எங்க?”

கோப்பைக் கையால் எழுதுவது அநாகரிகம். கறுப்புத் திரையில் ஒரு கட்டளை அடித்தால் ஒரு கருவி கேள்வி கேட்கும். பதில் சொன்னால் கோப்பைப் பெற்றுப் போடும். இந்தச் சுபகாரியத்துக்குக் கூட்டம் போட்டோம். மீன் வைத்த மாலு பணிஸும் பிளேன்டீயும் வந்தன. தயானி கட்டளையை அடித்தாள்.

முதற் கேள்வி: வரியைத் தள்ளி எழுத டெப் விசையா, ஸ்பேஸ் விசையா?

“தோட்டத்துக்கு டெப் பூட்டித் தண்ணி விடுறது வேற திணைக்களத்தின்ர வேலை” என்றார் ஐயா. “நாங்கள் ஸ்பேஸ் குடுப்பம்.”

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

அடுத்த கேள்வி: லைனின் அதிகபட்ச நீளம்?

ஐயாவுக்குக் கண் கலங்கிவிட்டது. “பாருங்கோ! பிள்ளை லயத்தில பிறந்தவ எண்டு மிசினுக்கே தெரிஞ்சிருக்கு!”

“ஐயோ சார், அது லயம் இல்லீங்க. ஒரு வரியில எத்தன எழுத்துன்னு கேக்குது. நூறுன்னு போட்டா முடிஞ்சிரும்.”

“லைன் எண்டால் லயம். எனக்குப் படிப்பிக்காதையும். உத்தேசமாப் போட்டால் அதுக்குப் பேர் மோசடி. ரமேஸ், வேனை எடும். அளந்துகொண்டு வாரும்.”

“அப்ப இந்தப் பெட்டியயாவது ரமேசண்ணன்கிட்டக் குடுத்து விடுறேங்க. எங்கம்மா அங்கதான் இருக்கு. மழை இருட்டிக்கிட்டு வருது சார்.”

“கோப்பில்லாத பெட்டி இந்த வாசலைத் தாண்டாது.”

என்ன நேர்மை! சாரதி ரமேஸ் அளவுநாடாவை மட்டும் எடுத்துக்கொண்டு போனான்.

பொழுது சாயும்போது அவன் சந்திக்கு இறங்கி வந்து போன் எடுத்தான். ஐயா எல்லாருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டார்.

“சார், லயம் நூத்தி இருவது அடிங்க. ஆனா பின்னால மண்ணு எறங்கி வந்து செவுத்தத் தொட்டுக்கிட்டு நிக்குது. அதையும் சேத்து அளக்கவா?”

“மண் எங்கட விடயமில்லை. லயத்தை மட்டும் அளவும்.”

தயானி மேசைமேல் பாய்ந்தாள். “ரமேசண்ணே, திரும்பப் போய் எங்கம்மாவ...”

ஐயா போனை அணைத்தார். “உத்தியோகபூர்வ சைரன் வரப்போகேக்க, வாயால கத்துறது ஒழுங்கீனம்.”

அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். வாசலில் காவலாளி பெட்டியைப் பிடுங்கி வைத்துக்கொண்டு, ஆளை மட்டும் பெருந்தன்மையாக விட்டார். மழையில் அவள் ஏறிய பஸ் பாதி வழியில், அப்புத்தளையோடு நின்றுவிட்டது. வேறு உத்தரவு இல்லாததால் ரமேஸும் வேனைப் பதுளைக்கே திருப்பிவிட்டான்.

நாங்கள் நூற்றிருபது என்று அடித்தோம். ‘கோப்பு வெற்றிகரமாக உருவாக்கப்பட்டது’ என்றது கருவி. ஒரு பிழை இல்லை. எழுந்து நின்று கைதட்டினோம்.

மறுநாள் காலை மண்ணுக்கு வெளியே லயம் முப்பது அடி இருந்தது. தயானியின் அம்மா வேலாயி மற்றத் தொண்ணூறு அடியில் இருந்தார்.