ஏழ்குன்றத்தின் அதிகாரபூர்வக் காற்று

வரைபடம் எழுதுகிறவர்கள் கை வலித்து நிறுத்திக்கொண்ட இடத்துக்குச் சற்று அப்பால் ஏழ்குன்றம் என்றொரு நாடு இருந்தது. ஏழு குன்றுகள், நடுவே ஆறு பள்ளத்தாக்குகள். குன்றுகளை இணைக்கும் சாலை ஒவ்வொரு தேர்தலுக்கு முன்பும் திறந்துவைக்கப்பட்டது. தேர்தல் முடிந்தபின் அதை யாரும் பார்த்ததில்லை. ஆகவே தபால், தக்காளி, மருந்து, மாப்பிள்ளை எல்லாமே சின்ன விமானங்களில்தான் போய்வந்தன. அந்த நாட்டில் மன்னரை மக்களே ஐந்தாண்டுக்கு ஒருமுறை தேர்ந்தெடுப்பார்கள். மன்னர் மணிமார்பர் மூன்றாம் முறையாக ஆண்டுகொண்டிருந்தார்.

தலைநகர விமான நிலையத்தின் கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் வடிவு பதினான்கு வருடமாக வேலை பார்த்தாள். கம்பத்தில் பறக்கும் காற்றுப்பையைப் பார்ப்பாள். வருகிற விமானிக்கு ரேடியோவில் காற்றின் திசையைச் சொல்வாள். எந்த முகமாக இறங்கலாம் என்று அனுமதி கொடுப்பாள். எதிர்காற்றில் இறங்கினால்தான் விமானம் வேகம் அடங்கி நிற்கும். பின்னாலிருந்து காற்று தள்ளினால் ஓடுபாதை போதாது. இன்னொரு பழைய விதியும் உண்டு. அவள் சொன்னதை விமானி அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அனுமதி செல்லாது.

தபால் விமானத்தை ஓட்டியவர் அவள் கணவர் மாசிலாமணி. வீட்டில் அவள் எது சொன்னாலும் காதில் விழாதது போல் இருக்கிற மனிதர், வானத்தில் மட்டும் ஒரு எழுத்து விடாமல் திருப்பிச் சொல்வார். அதற்காகவே அவளுக்கு அந்த வேலையை ரொம்பப் பிடித்திருந்தது.

அந்த வருடம் மன்னர் பிற நாடுகளின் வளர்ச்சியைக் கண்டு களைத்துவர நெடும்பயணம் போனார். திரும்பி வரும்போது விமான நிலையத்துக்கு அருகே தமக்கு நூறடிச் சிலை நிற்க வேண்டும் என்பது கட்டளை. வான்வழி அமைச்சர் வாகீசனார் வீட்டுக்கு வீடு குத்துவிளக்கும் குடமும் வாங்கி உருக்கினார். முகமும் மார்பும் முடிந்தபோது நாட்டிலிருந்த வெண்கலம் தீர்ந்துவிட்டது. மேற்கு பார்த்து நின்ற சிலைக்கு முதுகு இல்லை. பின்னால் கம்பிகளும், அவற்றில் குடியேறிய புறாக்களும்தான்.

மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் விமானங்கள் கிழக்கிலிருந்து வந்து இறங்கும். வருகிறவர் கண்ணில் முதலில் படுவது அந்த முதுகில்லாத முதுகு. வாகீசனார் திரை கட்டிப் பார்த்தார். காற்று அதைப் பிடுங்கிக்கொண்டு போய், ஓடுபாதையின் கிழக்கு முனையில் இருந்த செவத்தையாவின் சோளக்காட்டில் போட்டது. அமைச்சர் கோபத்தோடு கோபுரத்தின் படியேறினார்.

"அம்மையீர், இந்தக் காற்று எங்கிருந்து வருகிறது?"

"மேற்கிலருந்துங்கய்யா. ஆவணி முடிய இப்படித்தான் அடிக்கும்."

"யாருடைய அனுமதியோடு?"

வடிவு கம்பத்தில் பறந்த காற்றுப்பையைத் திரும்பிப் பார்த்தாள்.

"விமானம் இறங்க அனுமதி வேண்டும். ஏற அனுமதி வேண்டும். அங்குலம் நகர அனுமதி வேண்டும். காற்று மட்டும் தான்தோன்றியாகத் திரியுமோ?"

மறுநாள் அரசாணை வந்தது. ஏழ்குன்றத்தில் இனிக் காற்று கிழக்கிலிருந்தே வீசும். அதுவும் மென்மையாக வீசும். துணிக் காற்றுப்பையை இறக்கிவிட்டு, தகரத்தில் ஒன்று செய்து, மேற்கு நோக்கிப் பறப்பது போலக் கம்பத்தில் பற்றவைத்தார்கள். வடிவு பேசுவதைக் குறித்துக்கொள்ளக் கனகசபாபதி என்ற எழுத்தரை அவள் பக்கத்தில் உட்காரவைத்தார்கள். நல்ல மனிதர்தான். பயந்தவர்.

முதலில் வந்த தக்காளி விமானம் அதிகாரபூர்வக் காற்றை நம்பிக் கிழக்கு முகமாக இறங்கியது. நிஜக் காற்று பின்னாலிருந்து ஒரு தள்ளு தள்ளியது.

"காட்டுல சோளந்தான் போட்டேன். ஏரோப்ளேன் மொளச்சிருக்கு!" என்று செவத்தையா ஓடிவந்தார்.

விமானம் ஓடுபாதையைத் தாண்டவில்லை, ஓடுபாதைதான் முன்கூட்டியே முடிந்துவிட்டது என்று அமைச்சகம் விளக்கம் தந்தது.

அன்று மாலை தபால் விமானம் வந்தது. வடிவு ஒலிவாங்கியை எடுத்தாள். மற்ற விமானிகளுக்குப் பொய் சொன்னபோதே மனசு கேட்கவில்லை. இது கட்டிய புருஷன்.

"தபால் ஏழு, காற்று கிழக்கிலிருந்து, மென்மை. கிழக்கு முகமாக இறங்க அனுமதி."

"காற்று கிழக்கிலிருந்து, மென்மை. கிழக்கு முகமாக இறங்க அனுமதி. தபால் ஏழு."

ஒரு பொய்யை ஒருவர் சொன்னால் போதாது. கேட்டவரும் சொல்ல வேண்டும். அப்போதுதான் அது நடைமுறைக்கு வரும். வடிவுக்கு அது அன்றுதான் உறைத்தது.

"என்னங்க," என்றாள் திடீரென்று. "நம்ம வீட்டு மாடியில உங்க வேட்டி காயுது."

ரேடியோ கரகரத்தது. "எத்தனை கிளிப்பு போட்டிருக்க?"

"ரெண்டு. பத்தாது போலருக்கு."

கனகசபாபதி 'குடும்ப விஷயம்' என்று குறித்துக்கொண்டார். மாசிலாமணி மாடியைப் பார்த்தார். வேட்டி கிழக்கே பிய்த்துக்கொண்டு பறந்தது. ஓடுபாதையின் முதல் அடியிலேயே சக்கரத்தை வைத்து, பிரேக்கில் ஏறி நின்று, கடைசி அடியில் நிறுத்தினார்.

ஒரு வாரத்தில் எல்லா விமானிகளும், "கோபுரம், மாசிலாமணி அண்ணன் வேட்டிக்கு இன்னைக்கு எத்தனை கிளிப்பு?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். அமைச்சர் விழித்துக்கொண்டார். வெளியில் துணி காயப்போடுவது ராஜதுரோகம் என்று ஆணை பிறந்தது. விதிவிலக்கு அமைச்சர்களின் தோள் துண்டுக்கு மட்டும். அது நாட்டின் மானம். குடிமக்கள் ஈர உடையோடு திரிந்தார்கள். கல்யாண வீட்டில் நாதஸ்வரத்தைவிடத் தும்மல் சத்தம் கூடுதலாகக் கேட்டது. விமானிகள் அடுப்புப் புகையைப் பார்த்து இறங்கினார்கள். வானத்தில் விமானம் இருக்கும்போது அடுப்புப் பற்றவைக்கக் கூடாது என்று அடுத்த ஆணை. பச்சை அரிசியை ஊறவைத்துத் தின்றார்கள். பிறகு விமானிகள் சோளப்பயிர் சாய்வதைப் பார்த்து இறங்கினார்கள். ஒவ்வொரு தட்டையையும் மேற்கு நோக்கி வளைத்துக் குச்சியில் கட்டுமாறு செவத்தையாவுக்கு உத்தரவு வந்தது.

"ஐயா, கட்டுனா முறிஞ்சிருமே," என்றார் அவர்.

"முறிவது பயிரின் ஒத்துழையாமை," என்றார் அதிகாரி.

ஆடி பிறந்தபோது மிச்சம் இருந்த சோளக்காட்டில் பதினொரு விமானங்கள் மூக்கைப் புதைத்துக் கிடந்தன. முழுசாய் இருந்தது தபால் ஏழு ஒன்றுதான். மன்னரை அழைத்துவர மாசிலாமணியையே அனுப்பினார்கள். ஈர வேட்டியோடு அவர் கிளம்பியபோது, "பாத்து வாங்க" என்றாள் வடிவு.

அன்றைக்கென்று காற்று கோபுரத்தின் கண்ணாடியை உலுக்கியது. இந்த வேகத்தில் பின்காற்றோடு இறங்கினால் சோளக்காடும் தாங்காது, அதற்கப்பால் இருக்கும் பள்ளத்தாக்கில்தான் போய் விழ வேண்டும். கொடியில் ஒரு கைக்குட்டைகூட இல்லை. எந்தக் கூரையிலும் புகை இல்லை. வாகீசனார் இஸ்திரி போட்ட துண்டோடு அவள் பின்னால் வந்து நின்றார்.

"மென்மையான கிழக்குக் காற்று என்று சொல்லுங்கள், அம்மையீர். குரலிலும் மென்மை இருக்கட்டும்."

அவள் சொன்னாள். மாசிலாமணி திருப்பிச் சொன்னார். மேற்கே ஒரு புள்ளி தெரிந்தது. வடிவு அமைச்சரின் துண்டைப் பார்த்தாள்.

"ஐயா, மன்னர் மேலருந்து பாக்கும்போது நீங்க உள்ள மறஞ்சு நிக்கிறது நல்லாவா இருக்கு? வெளிய நின்னு துண்ட வீசுனா, முதல்ல வரவேத்தது நீங்கதான்னு அவருக்குத் தெரியுமே."

வாகீசனாருக்கு அது நியாயமாகப் பட்டது. வெளிமாடத்துக்குப் போய்த் துண்டை உயர்த்தினார். காற்று அதைக் கிழக்கே விறைப்பாக நீட்டியது.

"கோபுரம், அங்க பறக்கிறது என்ன?"

"அமைச்சரோட துண்டு."

"எத்தனை கிளிப்பு?"

"கிளிப்பு இல்லங்க. கையில புடிச்சிருக்காரு. ஆளையே இழுக்குது."

"தபால் ஏழு, சுற்றிப் போய் மேற்கு முகமாக இறங்க அனுமதி வேண்டும்."

"அனுமதி!" என்று அவள் கத்தியே விட்டாள்.

விமானம் கிழக்கிலிருந்து வந்து எதிர்காற்றில் பூப்போல இறங்கியது. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த மன்னர் தம் சிலையைப் பின்னாலிருந்து பார்த்தார். கீழே இறங்கியதும் அவர் மாலையை வாங்கவில்லை.

"வாகீசனாரே, என் முதுகு எங்கே?"

"பணியில் இருக்கிறது, அரசே."

அன்றே அவர் பதவி போனது. மன்னர் மக்கள் முன் கண்கலங்கினார். நடந்ததெல்லாம் தமக்குத் தெரியாமல் நடந்தவை என்றார். "உங்கள் துணிகளைக் காயப்போடும் உரிமையை இதோ உங்களுக்கு வழங்குகிறேன்!" மக்களும் அழுதார்கள். ஈரத்தில் பாதி, நன்றியில் பாதி. புரட்டாசியில் தேர்தல் வந்தது. துணி காயவைத்த மன்னர் என்ற பட்டத்தோடு மணிமார்பர் முன்னெப்போதும் இல்லாத வாக்குகளில் வென்றார். இனி வருகிறவர்களுக்கு முகம் தெரிய வேண்டும் என்று சிலையைக் கிழக்கு நோக்கித் திருப்பி வைத்தார்கள். முதுகைப் பற்றி யாரும் பேசவில்லை.

ஐப்பசியில் காற்று மாறியது. வருடாவருடம் மாறுவதுதான். கிழக்கிலிருந்து அடித்தது, விமானங்கள் மேற்கிலிருந்து வர வேண்டும், மேற்கே தெரிந்தது கம்பியும் புறாவும். புது அமைச்சரிடமிருந்து ஆணை வந்தது. ஏழ்குன்றத்தில் இனிக் காற்று மேற்கிலிருந்தே வீசும். துணி காயப்போடும் உரிமைக்கு எந்தப் பங்கமும் இல்லை. துணிகள் கிழக்கு நோக்கி மட்டும் பறக்குமாறு முனைகளைக் கட்டிவிட்டால் போதும். கிடங்கில் பத்திரமாக வைத்திருந்த தகரப்பையை எடுத்து, திருப்பி, மறுபடி பற்றவைத்தார்கள். புது அமைச்சரின் துண்டில் நாலு ஊக்கு குத்தியிருந்தது.

அன்று மாலை தபால் ஏழு வந்தது. வடிவு ஆணையைப் பார்த்துப் படித்தாள்.

"தபால் ஏழு, காற்று மேற்கிலிருந்து, மென்மை. மேற்கு முகமாக இறங்க அனுமதி. திருப்பிச் சொல்லுங்க."

பதில் இல்லை. மறுபடி சொன்னாள்.

"காதுல விழல," என்றார் மாசிலாமணி.

மூன்றாம் முறையும் சொன்னாள். "காதுல விழல." பதினான்கு வருடத்தில் முதல்முறையாக அவர் வானத்தில் வீட்டு ஆளாக நடந்துகொண்டார். அவருக்குப் பின்னால் வந்த, பழுதுபார்த்து மறுபடி பறக்கத் தொடங்கியிருந்த தக்காளி விமானமும் காதில் விழவில்லை என்றது. அதற்கடுத்து வந்ததும் அதையே சொன்னது. திருப்பிச் சொல்லாதவர்களுக்கு இறங்க அனுமதி இல்லை. மூன்றும் தலைக்குமேல் சுற்றின.

"ரேடியோ ரிப்பேரா?" என்று பதறினார் கனகசபாபதி.

"இல்ல சார். நல்லாத்தான் இருக்கு." வடிவு பயணிகள் பட்டியலை அவர் பக்கம் நகர்த்தினாள். "உங்க வீட்டம்மாவும் கைப்புள்ளையும் தபால் ஏழுலதான் வாராங்க. இன்னும் அரை மணிக்குத்தான் எண்ணெய் இருக்கு."

அவர் பட்டியலைப் பார்த்தார். மேலே சுற்றுகிற விமானத்தைப் பார்த்தார். பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார்.

"ஏம்மா," என்றார் மெதுவாக, "நெசமா எங்கருந்து அடிக்குது?"

"கிழக்கிலருந்து. பலமா."

ரேடியோவின் ஒலிவாங்கி இன்னும் திறந்தே இருந்தது. அது தெரிந்தும் கனகசபாபதி எழுந்து நின்று, அவள் சொன்னதை ஒரு எழுத்து விடாமல், உரக்கத் திருப்பிச் சொன்னார்.