தொட்டறிஞரின் இரும்பு அலமாரி

கடந்த மார்ச் மாதம் பதினான்காம் நாள், வெள்ளிக்கிழமை, பிற்பகல் ஒரு மணிக்குள் என் மருமகனின் மூலச் சான்றிதழ்கள் நான்கும் ஒரு வேலைவாய்ப்பு ஆலோசனை நிறுவனத்தின் இரும்பு அலமாரியிலிருந்து வெளியே வந்தாக வேண்டியிருந்தது. வரக்கூடாது என்று தடுத்தவர் அந்நிறுவனத்தின் உரிமையாளர். அவற்றை அவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தவன், முப்பத்திரண்டு ஆண்டுகள் வகுப்பறையில் நின்று 'ஏன் என்று கேளுங்கள்' எனப் போதித்த நான். இதுவே என் முறையீடு. குற்றவாளிகள் இருவர். ஒருவர் பெயர்ப்பலகை வைத்திருக்கிறார். மற்றவர் இதை எழுதுகிறார்.

மருமகன் குழாய் வெல்டர். நிரந்தர வேலை கிடையாது. எந்தத் தொழிற்சாலை பழுதுபார்ப்புக்காக மூடப்படுகிறதோ, அங்கே மூன்று மாதம், ஆறு மாதம் என்று ஒப்பந்தத்தில் போய்வருவார். ஐந்து மாதங்களாக எந்த ஒப்பந்தமும் அமையவில்லை. அந்த நேரத்தில்தான் ஊரெல்லாம் அந்த உரிமையாளரை 'டச் சார்', 'டச் சார்' என்றது. உறையைத் திறக்காமலே, கண்ணை மூடிக்கொண்டு, விரலால் தடவியே உள்ளே இருக்கும் சான்றிதழ் என்ன தொழிலுக்குரியது என்று சொல்லிவிடுவாராம். எந்த நிறுவனம் அந்த ஆளை 'அழைக்கிறது' என்பதும் காகிதத்தின் அலையில் தெரிந்துவிடுமாம். உறை ஒன்றுக்குப் பதிவுக் கட்டணம் உண்டு. அதை மட்டும் கண்ணைத் திறந்துகொண்டு வாங்கினார். அலுவலகம் மூன்றாம் மாடியில். லிஃப்டில் போனால் அலை கலைந்துவிடும் என்றார்கள். முழங்கால் வலியோடு படியேறினேன்.

'டச் சார்' என்ற பெயரில் இருந்த ஆங்கிலம் என் செவியை உறுத்தியது. ஆளைப் பற்றி ஐயமே எழவில்லை. 'தொட்டறிஞர்' என்று அவருக்குப் பெயர் சூட்டியதே நான்தான். அவருடைய துண்டறிக்கையில் பதினோரு பிழைகளைத் திருத்திக் கொடுத்தேன். பன்னிரண்டாவதாக ஒன்று இருந்தது: அதில் சொல்லப்பட்டது முழுவதும் பொய். அது என் சிவப்பு மைக்குத் தென்படவில்லை. போதாக்குறைக்கு ஒரு பாராட்டுரையும் எழுதினேன். சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டினார்கள். 'வாத்தியாரே எழுதிக் குடுத்துட்டாரு' என்று, அதன்பின் வரிசை தெருவரை நீண்டது.

அங்கே இரண்டு விதிகள். மூலச் சான்றிதழ்கள் நாற்பது நாள் அலமாரியில் இருக்க வேண்டும். நடுவில் எடுத்தால் அலை அறுந்துவிடும். காதில் சொல்லப்படும் நிறுவனத்தின் பெயரை எவரிடமும், மனைவியிடமும்கூட, சொல்லக்கூடாது, சொன்னால் கண்பட்டுவிடும். ஒரே கூடத்தில் தோள் உரச அமர்ந்திருந்த நாற்பது தொழிலாளர்கள் தமக்குள் வேலையைப் பற்றி ஒரு சொல்லும் பேசாமல், வெயிலைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள். அப்படி ஒரு கட்டுப்பாட்டை என் வகுப்பறையில் ஒரு நாளும் நான் கண்டதில்லை. பொறாமையாக இருந்தது.

முப்பதாம் நாள் மாலை, மருமகனோடு முன்பு வேலை பார்த்த ஃபிட்டர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். கொதிகலன் பட்டறை ஒன்றில் ஆறு மாத ஒப்பந்தம். "நாளைக்கு ஒரு மணிக்குள்ள வந்துடு. ஒரிஜினல் இல்லாம ஃபோர்மேன் கேட்டைத் தாண்ட விடமாட்டாரு. ஒரு இடம்தான் இருக்கு."

மருமகன் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "இன்னும் பத்து நாள்தான். இப்போ போய் எடுத்தா எல்லாம் போயிடும்."

"எது போயிடும்? கையில இல்லாத வேலையா?" என்றாள் என் மகள்.

"உங்கப்பாவே எழுதிக் குடுத்திருக்காரும்மா!"

"எங்கப்பாவா? கமா, புள்ளி சரியா இருந்தா வீட்டையே எழுதிக் குடுத்துடுவாரு."

நான் அங்கேதான் இருந்தேன். செய்தித்தாளைப் புரட்டினேன். அவள் ஒரு கிடங்கில், வந்திறங்கும் பெட்டிகளைச் சரிபார்க்கும் பணியில் இருக்கிறாள். பெட்டியைத் திறந்து பார்க்காமல் கையெழுத்திட மாட்டாள். இந்தக் குணம் என்னிடமிருந்து வந்ததன்று.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு மூவரும் போனோம். அவள் லிஃப்டில் வந்தாள். சான்றிதழ்களைக் கேட்டோம். பதிவு மேசையில் இருந்த பெண், "நாற்பது நாள் ஆகாம அலமாரியைத் திறக்க மாட்டோம்" என்று முடித்துவிட்டாள். மகள் வாதாடவில்லை. ஒரு மணி நேரம் நாற்காலியில் அமர்ந்து அந்தப் பெண்ணின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் காதருகே குனிந்தாள்.

"அப்பா, வெல்டர்னு சொன்னா உறை ஓரத்துல ஒரு பின் அடிக்கிறாங்க. ஃபிட்டருக்கு ரெண்டு. எலக்ட்ரீஷியனுக்கு மூணு. பாத்தீங்களா?"

பார்த்திருந்தேன். எத்தனையோ நாள் பார்த்திருந்தேன். ஒழுங்கான அலுவலகம் என்று என் பாராட்டுரையில் அதைப் புகழ்ந்தும் இருந்தேன்.

அவள் பையிலிருந்து ஒட்டிய உறை ஒன்றை எடுத்து நீட்டினாள். "எங்க அண்ணனுக்குப் பதியணும். வெல்டர்."

எனக்கு ஒரே மகள். 'அண்ணன் எவன்?' என்று கேட்க வாயெடுத்தேன். என் காலை மிதித்தாள். உறையில் ஒரு பின் விழுந்தது.

கூடத்தில் தொட்டறிஞர் கண்ணை மூடி, உறையின் ஓரத்தில் விரலை ஓட்டினார். பெருமூச்சு விட்டார்.

"வெல்டர். பத்து வருஷக் கைப்பழக்கம். இரும்பு இவரை விடாதும்மா."

கூட்டம் நெகிழ்ந்தது. அவர் குனிந்து அவள் காதில் எதையோ சொன்னார். அவள் நிமிர்ந்து, கிடங்கில் லாரிக்காரரை அழைக்கும் குரலில் சொன்னாள்:

"கப்பல் பட்டறையா? ஃபோர்மேன் வேலையா?"

பின்வரிசையிலிருந்து ஓர் எலக்ட்ரீஷியன் எழுந்தார். "எனக்கும் அதைத்தானே சொன்னீங்க?"

"யோவ், உனக்குமா?" என்றார் பக்கத்தில் இருந்த பெயிண்டர். "அது என் வேலையாச்சே!"

ஒரே ஃபோர்மேன் பதவிக்கு அங்கே நாற்பது பேர் இருந்தார்கள். மருமகன் மெதுவாகக் கையைத் தூக்கினார். நாற்பத்தொன்று.

"அலையைக் கலைச்சுட்டீங்களேம்மா!" என்று தொட்டறிஞர் கத்தினார். "உங்க அண்ணன் வாழ்க்கையே போச்சு!"

"அண்ணனைப் பாத்துட்டுச் சொல்லுங்க" என்று மகள் உறையைக் கிழித்தாள். உள்ளே எங்கள் வீட்டு மிக்ஸியின் உத்தரவாத அட்டை. "பத்து வருஷம்லாம் இல்ல சார். போன வருஷம்தான் வாங்கினோம்."

உண்மையை மறைக்கக் கூடாது. 'மிக்ஸியிலும் இரும்புப் பிளேடு இருக்கிறதே' என்று அந்தக் கணத்திலும் என் மனம் அவருக்காக வாதாடியது.

அலமாரிச் சாவி வீட்டில் இருக்கிறது என்றார் அவர். கூடத்தில் இருப்பவர்கள் யார் என்பதை மறந்துவிட்டார். "சாவி எதுக்குங்க?" என்றார் ஒரு ஃபிட்டர், பையிலிருந்து ஸ்க்ரூடிரைவரை எடுத்தபடி. நான்கே நிமிடத்தில் கதவு கீலோடு கழன்று தரையில் நின்றது. அலைகள் பாயும் அந்தப் பெட்டகத்தில் சான்றிதழ்கள் தாறுமாறாகக் குவிந்து கிடந்தன. மேலே இரண்டு எச்சில் தேநீர்க் கோப்பைகள். மருமகனின் சான்றிதழில் ஒரு வட்டக் கறை. திரும்பிப் பார்த்தபோது தொட்டறிஞர் லிஃப்டில் இறங்கிவிட்டிருந்தார்.

மணி பன்னிரண்டே கால். ஆட்டோவில் பறந்தோம். பட்டறை வாசலில் ஃபோர்மேன் சான்றிதழ்களைத் திறந்து, எண்களைச் சரிபார்த்தார். கறையைப் பார்த்து முகம் சுளித்தார். பிறகு இரண்டு குழாய்த் துண்டுகளைக் காட்டினார். "ஒட்டிக் காட்டுப்பா." ஒட்டியதை அறுத்து உள்ளே பார்த்தார். "திங்கக்கெழமை காலைல வந்துடு." அவ்வளவுதான். முப்பத்தொரு நாளில் தொட்டறிஞர் ஒருமுறைகூட, ஒரு வெல்டரை ஒட்டிக் காட்டச் சொன்னதில்லை. ஏன் சொல்லவில்லை என்று நானும் கேட்டதில்லை.

இந்நேரம் அவர் வேறொரு தெருவில், வேறொரு மாடியில், வேறொரு பெயரில் கண்ணை மூடியிருப்பார். ஆகவே, இதைப் படிக்கும் உங்களிடம் கேட்கிறேன்: உங்கள் மூலச் சான்றிதழ் இப்போது யாருடைய அலமாரியில் இருக்கிறது? இன்றே போய்க் கேளுங்கள். தர மறுத்தால், பக்கத்து நாற்காலிக்காரரைப் பார்த்து, 'உங்களுக்கு எந்த நிறுவனத்தைச் சொன்னாங்க?' என்று கூடமே அதிரக் கேளுங்கள். வயதான ஆசிரியர் எவராவது எழுந்து, பெரியவர் பேச்சைச் சந்தேகிக்காதே என்று உங்களை அடக்க வந்தால், முதலில் அவரை வெளியே அனுப்புங்கள்.