ஓடையில் கிடை போட்ட கதை

சீமைக்கருவேலம் அகற்றிய நிலத்தில் ஆடு மாடுகளை மேய விடக் கூடாது. விதி இவ்வளவு எளிமையானது. பணிக்காலம் முழுவதும் விதிகளுக்கு வியாக்கியானம் எழுதிய என்னிடம் வந்து மாட்டிக்கொண்டது அதன் துரதிர்ஷ்டம்.

ஓய்வு பெற்றதும் எனக்கு ஊருக்கு நல்லது செய்யும் வியாதி வந்தது. (இதற்கு மாத்திரை இல்லை.) கன்னிவாடி அருகே என் மைத்துனன் பாண்டியின் வெங்காயக் காட்டை ஒட்டிய ஓடை கருவேல முள்ளால் அடைபட்டுக் கிடந்தது. மழைக்குள் அதைத் திறக்காவிட்டால் வெங்காயம் மூழ்கும். அந்த வெள்ளாமையை நம்பித்தான் மகள் கல்யாணத்தைப் பேசி முடித்திருந்தான்.

பொக்லைன் வைத்து முள்ளை வேரோடு பிடுங்கினோம். அதோடு நான் வீட்டுக்குப் போயிருக்கலாம். புங்கன், நீர்மருது நடுவதற்கு முன் மண்ணுக்கு உரம் வேண்டுமே என்று, இரவில் ஆடுகளை அடைத்துப் புழுக்கை சேர்க்கும் ஆட்டுக்கிடை போட ஏற்பாடு செய்தேன்.

"மாமா, ஆடு விடக் கூடாதுன்னு நீங்கதான சொன்னீக?"

"மேயத்தாம்ப்பா கூடாது. வந்து படுத்துட்டுப் போறது மேய்ச்சல் ஆகாது."

"என்னமோ, படிச்ச ஆளு சொல்றீக."

கிடைக்காரர் வேறு உற்சாகப்படுத்தினார். "பகலெல்லாம் கம்மாக்கரையில கருவேலங்காய் நெத்தாத் தின்னுட்டு வருதுக சார். உரம் அம்புட்டு விழும்!"

விழுந்தது. உரத்தோடு விதையும் விழுந்தது. கோடை மழைக்கு ஓடை முழுவதும் பச்சென்று முளைத்தது. மண்ணுக்குள் கிடந்த பழைய புங்க விதைகள் உயிர்பெற்றுவிட்டன என்று பூரித்துப்போய்த் தினமும் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினேன். ஒரு நாள் பார்க்க வந்த என் மனைவி குனிந்து தொட்டாள்.

"ஏங்க, புங்கனுக்கு முள்ளு இருக்குமா?"

ஓடைக்கு மறுபடி இயந்திரம் கேட்டு தாசில்தார் அலுவலகத்துக்கு மனு எழுதினேன். பதில் இல்லை. அரிவாளால் வெட்டினோம், வெட்டிய இடத்தில் இரண்டாகத் தழைத்தது. ஐப்பசியில் வந்த வெள்ளம் முள்ளில் முட்டித் திரும்பி, நேராக வெங்காயத்துக்குள் போனது. கல்யாணம் வைகாசிக்குத் தள்ளிப்போனது.

பாண்டி கோபப்படவில்லை. பட்டிருந்தால் தேவலை. மணமேடையில் அட்சதைத் தட்டு என் பக்கம் வந்தபோது ஊர் கேட்கச் சொன்னான்: "மாமா கையில குடுக்காதீக! அவரு தூவுனா முளைச்சுப்போகும்." இன்றும் எங்கள் வீட்டு விசேஷங்களில் அந்தத் தட்டு என்னைச் சுற்றிக்கொண்டுதான் போகிறது.

கல்யாணத்தன்றே மனுவுக்கும் பதில் வந்தது. ஓடைப் புறம்போக்கில் அனுமதியின்றி மரம் வளர்த்துப் பராமரித்து வருவதற்கு விளக்கம் தர வேண்டுமாம். பந்தியில் பாயசம் பரிமாறும்போது தபால்காரர் கொண்டுவந்து கொடுத்தார். நேரில் ஆஜராக வேண்டிய நாள்: அதே வைகாசி முகூர்த்தம்.